எழுபது வளைவுகளும் ஒரே மிதியும்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, காலை மணி 6.40. மேகமூட்டம், மழை இல்லை, கொல்லிமலையின் உச்சி தெரியவில்லை. சேந்தமங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தேன். பெடல் போய்க்கொண்டே இருந்தது. தரையைத் தொட ஒரு அங்குலம்தான் பாக்கி.

வண்டி என் மகனுடையது. மலையிலிருந்து அன்னாசி ஏற்றி வந்து நாமக்கல், சேலம் மண்டிகளில் இறக்குவது அவன் தொழில். நான் முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக நிலம் அளந்து ஓய்வு பெற்றவன். வயது எழுபத்தொன்று. தினமும் காலையில் வண்டியைச் சுற்றி வந்து டயர், விளக்கு, எண்ணெய் மட்டம் எல்லாம் பார்த்துவிடுவேன். யாரும் என்னைப் பார்க்கச் சொன்னதில்லை. பார்க்காவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அதற்கு முந்தைய நாள் மாலைதான் வண்டி பட்டறையிலிருந்து திரும்பியிருந்தது. எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற அரசாங்கச் சான்றிதழ், வாங்க வேண்டிய நேரம். எங்கள் பக்கத்தில் வண்டியை எஃப்.சி.க்கு அனுப்புவதென்றால், பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரிதான். ஓடுகிற வண்டி ஓடினால் மட்டும் போதாது, அடியில் இருக்கும் போல்ட்டு கூடப் பளபளக்க வேண்டும். செய்ய வேண்டிய வேலைகளைப் பதினான்காக வரிசைப்படுத்தி நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்பதாவது வரி இது: முன் பிரேக் காலிப்பர் இரண்டையும் கழற்றி, கழுவி, புது ரப்பர் போட்டு, வெள்ளி பெயின்ட் அடிக்கவும். சக்கரத்தோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவதுதான் இந்தக் காலிப்பர்.

இரண்டாவது முறை மிதித்தேன். பெடல் கொஞ்சம் உயர்ந்து நின்றது. அடி ஸ்கேலை எடுத்து வந்து தரையிலிருந்து அளந்தேன். முதல் மிதியில் ஒரு அங்குலம், இரண்டாவதில் இரண்டே கால், மூன்றாவதில் மூன்றரை. மூன்றாவதிலும் கெட்டியாக நிற்கவில்லை, ரப்பர் பந்தை மிதிப்பது போல் துள்ளியது. நூறு எண்ணும்வரை காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் பழைய ஒரு அங்குலம்.

மகன் பல் துலக்கிக்கொண்டே வந்தான்.

"ஏனுங்கப்பா, புது ரப்பர் போட்டா ரண்டு நாளைக்கு அப்படித்தானுங்க இருக்கும். ரண்டு தடவ மிதிச்சா நிக்குதில்ல?"

"நாளைக்கு லோடு எங்க சாமி?"

"மலையிலதானுங்க. ஒண்ணேகால் டன்னு. சொல்லியாச்சு."

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தடவை மிதித்துத்தான் வண்டி நிற்குமென்றால், இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்காத வளைவு ஒன்று போதும். அதைச் சொன்னேன். உள்ளே இருந்து என் மனைவி பதில் சொன்னாள்.

"உங்கப்பா ஊட்டுத் தாப்பாளையே மூணு தடவ எண்ணிப் பாக்கறவரு. பிரேக்க உடுவாரா? ஒரெட்டு கூட்டிட்டுப் போயிட்டு வா சாமி. இல்லீன்னா இன்னைக்குப் பூரா என்ற உசுர எடுப்பாரு."

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 8.15. வழியெல்லாம் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பின்னால் வந்த முட்டை வண்டிக்காரர் ஹாரன் அடித்தே களைத்துப் போனார்.

மெக்கானிக் நல்லவர், கைராசிக்காரர், இருபத்தைந்து வருடமாக அதே இடத்தில் பட்டறை வைத்திருப்பவர். பெடலை ஒரே ஒரு தடவை மிதித்துப் பார்த்தார்.

"நேத்தே நாலு வீல்லயும் பிரேக் எண்ணெய்க்குள்ள இருந்த காத்த எடுத்தாச்சுங்க சார். ஒரு சொட்டுக் காத்து இல்லீங்க. இது பெடல மிதிச்சா எண்ணெயத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சு. புதுசு போட்ரலாமுங்க, நாலாயிரத்து எண்ணூறு ஆகும்."

மகன் தலையாட்டிவிட்டான். எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியில் ஏறி, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தமாக எண்ணினேன். அறுபது வரை எண்ணியும் பெடல் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"மாஸ்டர் சிலிண்டர் போயிருந்தா, புடிச்சு வெச்ச பெடல் மெதுவா கீழ இறங்கணுமில்லீங்களா? இது இறங்கலியே?"

அவர் சிரித்துவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"சார், நீங்க நெலம் அளந்தவருங்க. பிரேக்க எங்ககிட்ட உட்ருங்க."

"பிரேக்குக்குப் பட்டா மாத்தித் தரச் சொல்லுவாருடோய்!" என்றார் ஒரு டிரைவர்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. இன்னொரு முறை காற்று எடுத்துப் பார்க்கலாம், பெடலை நானே மிதிக்கிறேன் என்றேன். பாவம், மெக்கானிக் சலிப்போடு முன் வலது சக்கரத்தைக் கழற்றினார். காலிப்பரில் காற்று வெளியேற ஒரு சின்ன நிப்பிள் இருக்கிறது. அதில் ஒரு குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய் ஊற்றிய பாட்டிலில் விட்டார். அவர் "மிதிங்க" என்றால் மிதிக்க வேண்டும், "புடிங்க" என்றால் பிடிக்க வேண்டும். அவர் நிப்பிளைத் திறந்து மூடுவார். நாற்பது மிதி மிதித்தேன். பாட்டிலில் சுத்தமான எண்ணெய்தான் வந்தது. ஒரு குமிழிகூட இல்லை என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா?" என்றார் அவர். பெடல் அப்படியே பந்து மாதிரிதான் இருந்தது.

முழங்கால் வலியோடு இறங்கிச் சக்கரத்தருகே குந்தினேன். புத்தம்புது வெள்ளி பெயின்டில் காலிப்பர் பளபளத்தது. அதன் அடிப்பக்கத்தில், தரையைப் பார்த்தபடி நிப்பிள் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்கு வருடம் என் கண் எதைப் பார்த்துப் பழகியது? ரசமட்டத்துக்குள் இருக்கும் குமிழியைத்தான். கருவியை எப்படிச் சாய்த்தாலும் அந்தக் குமிழி எது உயரமோ அங்கேதான் போய் உட்காரும். ஒரு நாளும் கீழே வந்ததில்லை.

"காத்து மேலதானுங்க போகும்?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

"அப்ப இந்த வாசல் ஏனுங்க கீழ இருக்குது? மாடியில இருக்கறவன, கீழ் வாசல் வழியா வெளிய வான்னு நாம நாப்பது தடவ கூப்பிட்டிருக்கறோம்."

மெக்கானிக் நிப்பிளை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து போய் இடது சக்கரத்தையும் கழற்றினார். அங்கும் நிப்பிள் கீழேதான் இருந்தது. ஸ்குரூ டிரைவரை எடுத்து வலது காலிப்பரின் மேல் பெயின்டைச் சுரண்டினார். அடியிலிருந்து இடது பக்கத்துக்கான எழுத்து எட்டிப் பார்த்தது. இரண்டையும் பெயின்ட் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் காயவைத்து, எடுத்து மாட்டும்போது இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிப்போயிருக்கிறது. அடையாள எழுத்தைப் பெயின்ட் மூடிவிட்டது. அப்படி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலே சிக்கிக்கொண்டு, மிதிக்கும்போதெல்லாம் பந்து மாதிரி அமுங்கும். நூறு தடவை எடுத்தாலும் அந்தக் காற்று வராது.

டிரைவர்கள் டீ கிளாசோடு கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். பட்டா மாற்றச் சொன்னவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அட, சார் கல்லு எங்க நட்டிருக்குன்னு கரெக்டா புடிச்சுட்டாருடா!"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அது ரொம்ப நேரம் நிமிர்ந்து நிற்கவில்லை. மெக்கானிக் தன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். என் கையெழுத்து.

"ஒம்பதாவது நம்பர், சில்வர் பெயின்ட். நான் காலிப்பருக்கு எதுக்குங்க பெயின்ட்டுன்னு கேட்டனா இல்லீங்களா?"

கேட்டிருந்தார். எழுதியதைச் செய்யுங்கள் என்று நான்தான் அதட்டியிருந்தேன். என் மகன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

இரண்டையும் இடம் மாற்றி, எண்ணெய்க் குழாய் சேரும் இடங்களில் புதுச் செம்பு வாஷர் போட்டு மாட்டி மறுபடி காற்று எடுத்தோம். இப்போது பாட்டிலுக்குள் குமிழிகள் கொப்பளித்து வந்தன. மிதித்துக்கொண்டிருந்த எனக்கு அவை தெரியாது என்பதால் மகனை எண்ணச் சொன்னேன். வலதில் இருபத்து மூன்று, இடதில் பத்தொன்பது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஸ்கேலை வைத்து அளந்தேன். முதல் மிதியிலேயே நான்கு அங்குலம், கல் மாதிரி. மணி 12.10.

மறுநாள் புதன்கிழமை மலைக்கு நானும் போனேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அன்னாசி ஏற்றிக்கொண்டு பதினோரு மணிக்கு இறங்கினோம். வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்தொன்பதாவது வளைவில் கீழிருந்து ஒரு பஸ், சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. எங்கள் பக்கம் ஒதுங்க இடமில்லை, இடப்புறம் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் வெறும் ஆகாயம். மகன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. பின்னால் அன்னாசிக் குவியல் ஒருமுறை முன்னே நகர்ந்து அடங்கியது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு முழம் இடம் இருந்தது.

பஸ் பின்வாங்கி வழிவிட்டது. மகன் கியரைப் போட்டான். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"ஒரே மிதிங்கப்பா."

மீதி நாற்பத்தொரு வளைவுகளையும் நான் எண்ணவில்லை. என் வாழ்நாளில் எண்ணாமல் விட்டவை அவை மட்டும்தான். இப்போதும் காலையில் நான் வண்டியைச் சுற்றி வரும்போது வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. பெயின்ட் விஷயத்தில் மட்டும் என்னிடம் யாரும் யோசனை கேட்பதுமில்லை. மெக்கானிக் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஓயாமல் கவலைப்படும் குணம் ஒரு நோய் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நோய் என் மகனை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்ததற்கு ஆன செலவு: பிரேக் ஆயில் நூற்றுத் தொண்ணூறு, செம்பு வாஷர் நான்குக்கு நாற்பது, மெக்கானிக்குக்கும் எனக்கும் டீ முப்பது, ஆக மொத்தம் இருநூற்று அறுபது ரூபாய்.