கேட் போட்டால் வரும் பெயர்

பாகாலா ரயில்வே கேட்டிலிருந்து நாலாவது வீடு நாகேந்திரனுடையது. ஒரு காலத்தில் கேபிள் டிவி இழுத்துக்கொண்டிருந்தவன், இப்போது வீடுவீடாக பிராட்பேண்ட் கொடுக்கிறான். ஊரில் பாதி வீடுகளின் வைஃபை பாஸ்வேர்டு அவனுக்கு மனப்பாடம். பிள்ளை பேர், பைக் நம்பர், சாமி பேர், இந்த மூன்றைத் தாண்டி நம் ஜனங்களுக்குக் கற்பனை ஓடாது என்பது அவன் கட்சி. தன் வீட்டு பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டான். கேட்டவர்களின் போனை வாங்கித் தானே தட்டிக் கொடுப்பான். தொழில் ரகசியமாக்கும் என்று கேலி பேசுவார்கள்.

ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. மகளின் பேரும் அவள் பிறந்த வருஷமும்தான் பாஸ்வேர்டு. துர்காதேவி. மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேர்.

டிப்ளமா முடித்த கையோடு, கூடப் படித்த பவன்குமாரை அவள் சித்தூரில் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு சாதி. மூன்றாம் நாள் காலையில், பக்கத்து வீட்டில் இருக்கிற நாகேந்திரனின் அண்ணன் செங்கல்வராயன் குடும்பத்தையே புழக்கடையில் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு குடம் தண்ணீர். கடைசியில் ஒரு சட்டியைப் போட்டு உடைத்தார். "இன்னியோட அவ செத்துட்டா. இனிமே அவ பேச்சு இந்த ஊட்ல வரக்கூடாது." உயிரோடு இருக்கிற பெண்ணைத் தலைமுழுகியாயிற்று. நாகேந்திரன் ஈரத்தோடு நின்றானே தவிர, மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்தை அவனாலேயே இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மகள் போன் நம்பரை மாற்றிவிட்டாள். மனைவி வசந்தா சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றினாள். ஆணி அப்படியே இருந்தது.

பாஸ்வேர்டும் அப்படியே இருந்தது. ஊருக்கெல்லாம் ஒரு நிமிஷத்தில் மாற்றிக் கொடுக்கிறவன், தன் வீட்டில் மாற்றவில்லை.

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம் நெட் மந்தமாக இருந்தது. யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க லேப்டாப்பில் ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்தான். அந்த நிமிஷத்தில் இணைந்திருக்கிற போன்களின் பட்டியல் அங்கே வரும். அவன் போன், வசந்தாவின் போன், அண்ணன் வீட்டு டிவி. நாலாவதாக ஒரு வரி: Durga-Nagendran.

மகளுடைய போன். காலேஜில் சேர்ந்த அன்று போன் வாங்கிக் கொடுத்து, அதற்கு அந்தப் பேரை வைத்தவனே அவன்தான். எழுந்து போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தான். புழக்கடையில், அன்று சட்டி உடைத்த இடத்தில், ஈரத்துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. திரும்பி வந்தபோது நாலாவது வரி இல்லை.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே நினைப்பு. செத்துப்போனாள் என்று சொல்லித் தண்ணீர் ஊற்றிக்கொண்டோமே, நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் யார் வந்து இவனிடம் சொல்வார்கள்? சாயங்காலம் ஆனால் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆறு பத்துக்கு அந்தப் பேர் வரும், நாலைந்து நிமிஷம் இருக்கும், போய்விடும். சில நாள் வராது. ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை. பேய்க்கு ஏது வார விடுமுறை என்று யோசித்தபோதுதான் அவனுக்குச் சுரீரென்று உறைத்தது.

வந்த நாட்களில் எல்லாம் வெளியே மணி அடித்திருந்தது. கேட் போட்டிருந்தார்கள். கேட் போட்டால் வண்டிகள் வீட்டு வாசல்வரை வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் வெள்ளைநிறக் கம்பெனி பஸ் ஒன்று. ரேணிகுண்டா பக்கத்துத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு, பாகாலாவில் சிலரை இறக்கிவிட்டு, சித்தூர் போகிற பஸ். அதற்குள் அவள் இருக்கிறாள். பஸ் நிற்கிற அந்த நேரத்தில் அவள் போன் தானாகவே அப்பன் வீட்டைப் பிடித்துக்கொள்கிறது.

ஒருநாள் வாசலில் போய் நின்றும் பார்த்தான். ஜன்னலெல்லாம் கருப்புக் கண்ணாடி. கண்ணாடியில் அவன் மூஞ்சிதான் தெரிந்தது. தட்டி என்ன சொல்வது? செத்தவளைக் கூப்பிட வந்தேன் என்றா? கேட் திறந்தது, பஸ் போனது. அதற்கப்புறம் அவன் வாசலுக்குப் போகவில்லை. திரையில் அந்த வரி வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு உள்ளேயே கிடந்தான். வசந்தாவிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த ஐப்பசியில் இடி விழுந்து ரவுட்டர் கருகிப்போனது. புதுசு வர இரண்டு நாளாகும் என்றார்கள். அந்த இரண்டு சாயங்காலமும் மணி அடித்தது, பஸ் நின்றது, போனது. அப்பன் கடைசியில் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான் என்றுதானே நினைத்திருப்பாள் என்று அவன் உள்ளுக்குள் புழுங்கினான்.

மூன்றாம் நாள் புதுப் பெட்டி வந்தது. அண்ணன் வீட்டுக்கும் இதே லைன்தான் என்பதால், அஞ்சரைக்கே செங்கல்வராயன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வைஃபைக்குப் பழைய பேரு வாணாண்டா. பீடை புட்ச்ச மாதிரி கீது. நைனா பேரு வெய்யி."

நாகேந்திரன் பெட்டியின் அடியிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணைத் தட்டி உள்ளே நுழைந்தான். நெட்வொர்க் பேர் கேட்டது. பழைய பேரையே எழுத்து மாறாமல் அடித்தான். பாஸ்வேர்டு கேட்டது. மகளின் பேரை அடித்தான். மணி ஆறு அடிக்கப் பத்து நிமிஷம்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்று தனியாக இன்னொரு பேர் வைக்கலாம் என்றது திரை. ஊரில் எந்த வீட்டிலும் அவன் அதைத் தொட்டதில்லை. இன்று விரல் அங்கேயே நின்றது. ரோட்டில் நிற்கிற எவன் போனை எடுத்தாலும் அந்தப் பேர் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். கேட்டில் நிற்கிற பஸ்ஸுக்குள்ளும் தெரியும்.

அடித்தான். சேமி என்பதை அழுத்தினான்.

வைஃபை வந்ததா என்று போனைத் தடவிக்கொண்டிருந்த செங்கல்வராயன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏந்திரா இது? துர்கா வாம்மான்னு வர்து?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"நான்தாண்ணா வெச்சேன்."

"செத்தவ பேர ஊருக்கே தண்டோரா போட்றியா? தலைமுழுவனது இன்னாத்துக்குடா?"

"மூணு வருசமா உன் போன்லயும் அவ பேருதாண்ணா கீது. அதான் பாஸ்வேர்டு. நான்தான் அட்ச்சுக் குட்த்தேன்." அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். "அன்னிக்கு நீ தண்ணி ஊத்தக்கொள்ள நான் வாயத் தொறக்கல. அது என் தப்பு. எம் பொண்ணு சாவலண்ணா. தெனம் இந்த வாசல்ல வந்து நின்னுட்டுப் போய்க்கினு கீறா."

செங்கல்வராயன் கையிலிருந்த போனை, அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலப் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மணி அடித்தது. கேட் இறங்கியது. வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வசந்தா ஈரக் கையோடு வந்து அவன் பின்னால் நின்றாள். திரையில் அவன் போன், அவள் போன், அண்ணன் போன். இன்னும் அவ்வளவுதான். பெரிய பஸ் ஒன்று பெருமூச்சு விட்டு நிற்கிற சத்தம் கேட்டது.

Durga-Nagendran.

"இது இன்னாங்க?" என்றாள் வசந்தா. அவன் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரயில் வீடு அதிரப் போனது. கேட் தூக்கினார்கள். ஹாரன்கள் அலறின. பஸ் உறுமிக் கிளம்பியதும் நாகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். எப்போதும் பஸ் போய் அரை நிமிஷத்தில் அந்த வரி அழிந்துவிடும். அழிவதைப் பார்க்கிற தெம்பு இன்று அவனிடம் இல்லை.

வண்டிகள் எல்லாம் போய் ரோடு அமைதியானது. நெடுநேரம் கழித்து வசந்தா மெல்லச் சொன்னாள். "இன்னும் அப்டியே கீதுங்க."

அவன் கண்ணைத் திறந்தான். சிக்னல் கோடு நாலும் நிறைந்து, அந்தப் பேர் திரையில் இருந்தது. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.