வெயில் காய்ந்தால் உப்பு

எங்கள் வீட்டுக் கழிவறைத் தொட்டியில் இரண்டு பொத்தான்கள் உண்டு. சின்ன வேலைக்குச் சின்னப் பொத்தான், பெரிய வேலைக்குப் பெரிய பொத்தான். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கிற எங்கள் குப்பத்தில் அப்படி ஒரு தொட்டி வேறு யார் வீட்டிலும் கிடையாது. அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். என் மாமனார் பசியாவரத்திலிருந்து படகேறி வந்து, உள்ளே போய், நெடுநேரம் கழித்து வெளியே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து அமுக்கிவிட்டதாகச் சொன்னார். நான் அவரை உட்காரவைத்து தண்ணீர்ச் சிக்கனம் பற்றி அரை மணி நேரம் பேசினேன். பெண்ணைக் கொடுத்துவிட்ட மனிதர், வேறென்ன செய்வார், கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

நான் படகு எஞ்சின் ரிப்பேர் செய்பவன். எஞ்சினைப் பிரித்து மறுபடி மாட்டிய பிறகு எப்போதும் ஒன்றிரண்டு போல்ட் கையில் மிஞ்சும். அதையும் சிக்கனம் என்றுதான் சொல்லிக்கொள்வேன். வீடு கட்டியபோது சுவரைக் கொத்தனாரிடம் விட்டுவிட்டு, பைப் வேலை முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு எப்படியோ என் தலையில் இறங்கிவிட்டிருந்தது. பொன்னேரிக்குப் பலமுறை போய் சாமான் வாங்கி வந்தேன். குழாய் வாயில் மாட்டுகிற சல்லடை வாங்கினேன். அதை மாட்டினால் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வரும், பாதிதான் செலவாகும். என் மனைவி முதல் நாள் திறந்து பார்த்துவிட்டு, குழாய் காறித் துப்புகிறது, கை கழுவுவதா வேண்டாமா என்று கேட்டாள். குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் தோட்டத்துக்குப் போக ஒரு பைப். கூரைமேல் சோலார் பலகை, அதிலிருந்து மோட்டாருக்கு ஒயர். வெயில் ஏறினால் மோட்டார் தானாக ஓடும், வெயில் இறங்கினால் தானாக நிற்கும். கரண்டு ஒரு சொட்டு கிடையாது.

மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்த ஒரு மிதவை வைக்க வேண்டும். அதை நான் வைக்கவில்லை. வாங்கி வந்ததைப் பெட்டியோடு பரண்மேல் போட்டேன். என் கணக்கு வேறு. வெயில் சும்மா கிடைக்கிறது, அதை ஏன் நிறுத்த வேண்டும்? நிரம்பி வழிகிற தண்ணீர் வாழைக்குப் போகட்டும். எதுவும் வீணாகவில்லையே. கடற்கரை மணலில் வாழை போட்டுக் காட்டியவன் என்ற பெயரும் வரும். வந்தது. என் வாழை இலையில் சாப்பிட்டவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். நான் குழாய் வாயில் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்தேன். மாடியில் பொழுது முழுவதும் அருவி கொட்டியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்பது பால்மேல் படிகிற ஆடை மாதிரி. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீர்மேல் மெல்லிசாகப் படுத்திருக்கும். அதனால்தான் வீட்டுக்கு வீடு ஆழமில்லாத குழி, அதற்குள் ஒரே ஒரு சிமெண்ட் உறை. அதை ஊத்து என்போம். ஊத்தில் யாரும் வாளியை விட மாட்டார்கள். கொட்டாங்கச்சி அகப்பையால் மேல் தண்ணீரை மட்டும் மெதுவாக மொள்வார்கள். காலையில் தேவைக்கு எடுத்துவிட்டு மூடிவிட்டால், மறுநாள் வரை தொடக்கூடாது, ஊற விட வேண்டும். சின்ன வயதில் ஒருநாள் விளையாட்டுக்கு வாளி விட்டதற்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். வாளிக்கு அடி வாங்கியவன், வளர்ந்து மோட்டார் விட்டான். அடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா இருக்கிறார். உறவில்லை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வலை, படகு எதுவும் இல்லாமல் வெறுங்கையால் ஏரியில் இறால் தடவுகிறவர். சேற்றில் முட்டி போட்டு, கழுத்தளவு தண்ணீரில் ஊர்ந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் துழாவித் துழாவி ஒவ்வோர் இறாலாகப் பிடித்துக் கூடையில் போடுவார். விடிந்ததும் இறங்கினால் உச்சிக்குத்தான் ஏறுவார். அதுவரை உடம்பு உப்புத் தண்ணீரிலேயே ஊறும். வீடு வந்ததும் ஊத்திலிருந்து எடுத்து வைத்த ஒரு குடம் நல்ல தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டால்தான் கையும் காலும் வெடிக்காமல் இருக்கும்.

அவருடைய ஊத்து ஏரிப் பக்கம். மோட்டார் தண்ணீர் இழுக்கிற என் போர்க் குழாய் மேட்டுப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு வேலியும் பத்துப் பன்னிரண்டு எட்டு தூரமும். நான் இந்தப் பக்கம் இழுத்தால் ஏரித் தண்ணீர் மணலுக்குள் என்னை நோக்கி நகரும். வருகிற வழியில் முதலில் மாட்டுவது அவர் ஊத்து. இது புரிய வீடியோ எதுவும் தேவையில்லை.

மோட்டார் போட்ட முதல் கோடையில் ஒருநாள், வேலியோரம் நின்று அக்கா என்னைக் கூப்பிட்டார். பருப்பு வேகவே மாட்டேன் என்கிறதாம், சோப்புப் போட்டால் நுரை இல்லையாம், ஊத்துத் தண்ணீரைக் கொஞ்சம் குடித்துப் பார்க்கச் சொன்னார். அகப்பையில் மொண்டு கொடுத்தார். குடித்தேன். கரித்தது. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தலைக்குமேல் என் தொட்டி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன்? தண்ணீரைத் துப்பிவிட்டு, முகத்தைப் பெரிய மனிதன் மாதிரி வைத்துக்கொண்டு, கடல் ஏறி வருகிறது என்றேன். உலகமே சூடாகிறது, பனி உருகுகிறது என்றேன். போன புயலைச் சொன்னேன். முகத்துவாரம் மணல் மூடிப்போனதைச் சொன்னேன். உலகத்தில் இருக்கிற எல்லாக் காரணத்தையும் சொன்னேன், கூரைமேல் இருந்த ஒன்றைத் தவிர. அக்கா அக்கறையோடு கேட்டுக்கொண்டார். படித்தவர்கள் பேசுவதைப் போலவே பேசுகிறேன் என்றார்.

அதோடு விட்டேனா? தினமும் என் குழாயில் இரண்டு குடம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் ஏரியிலிருந்து ஏறி, ஈரப் புடவையோடு, வெடித்த விரல்களோடு, குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். சல்லடைக் குழாயில் குடம் நிரம்ப நேரமாகும். நுரைத்து நுரைத்து விழும். அவர் பொறுமையாக நிற்பார். நிரம்பியதும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒருநாள் தவறாமல், "நல்லா இரு நைனா" என்று சொல்லிவிட்டுப் போவார். சில நாள் கைப்பிடி இறாலை என் மனைவி கையில் வைத்துவிட்டும் போவார். பதிலுக்கு நான் வாழைப்பழம் கொடுத்தனுப்புவேன். அவருடைய தண்ணீரில் விளைந்த பழத்தை அவருக்கே கொடுத்து, அதற்கும் ஒரு வாழ்த்து வாங்கினேன். திருடிய வீட்டுக்காரரிடமே நற்சான்றிதழ் வாங்கிய முதல் திருடன் நானாகத்தான் இருப்பேன்.

என் மனைவிக்குச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் அந்த இறாலை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல், "நம்ம மோட்டாரால இல்லையே?" என்றாள். நான் சிரித்துவிட்டு, மோட்டார் வெயிலில் ஓடுகிறது, வெயிலுக்கு யாராவது கணக்குக் கேட்பார்களா என்று ஏதோ பேசி மழுப்பினேன். என் பேச்சுக்கு அவள் வழக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்கு உரித்த இறாலைக் கழுவப் போய்விட்டாள்.

ஐப்பசிக்கு முன்னால் ஒரு வாரம் வானம் மூடிக்கிடந்தது. மழை பெரிதாக இல்லை, மூட்டம் மட்டும். படகுகள் கரையில் கிடந்தன, எனக்கும் வேலை இல்லை. மோட்டார் லேசாக முனகிவிட்டு நின்றுவிடும். தொட்டி வழியவில்லை. நான்காவது நாள் அக்கா குடத்தோடு வரவில்லை. ஐந்தாவது நாளும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று வேலியோரம் போய்ப் பார்த்தேன். ஊத்தருகே உட்கார்ந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இன்றைக்கு வேண்டாம், ஊத்தே கொஞ்சம் தேவலாம் போல இருக்கிறது என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. என் கூரையைப் பார்த்தார்.

அதன்பிறகு வெயில் வந்தது. இரண்டு நாள் நன்றாகக் காய்ந்தது. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் அக்கா குடத்தோடு வந்து குழாயடியில் வைத்தார். குழாயைத் திறக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். மூட்டம் போட்டா என் ஊத்து நல்லா கீது. வெயிலு காஞ்சா உப்பு கரிக்குது. கடலு வெயில்ல மட்டுமா ஏறுது?"

எனக்கு வாய்தான் முன்னால் ஓடும். கடலுக்கும் சோலார் போட்டிருப்பான் போலக்கா என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மேலே தொட்டி வழிந்து வாழைக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றோம்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அந்த வார்த்தை வாய்க்குள் தயாராக இருந்தது. அவர் விரல் இடுக்குகளைப் பார்த்தேன். உப்பில் வெடித்து, உள்ளே சிவப்புத் தெரிந்தது.

"எனக்குத் தெரியும்க்கா," என்றேன். "அகப்பையில குடுத்து குடிக்கச் சொன்னீங்களே, அன்னிக்கே தெரியும்."



"எத்தினி தபா உன்ன நல்லா இருன்னேன்," என்றார். "என் தண்ணிய எனக்கே குடுத்ததுக்கு."

வெறும் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அன்றைக்கே கூரை ஏறி ஒயரைக் கழற்றினேன். பரணிலிருந்த மிதவையை எடுத்துத் தொட்டியில் மாட்டினேன். பெட்டியில் எலி கடித்திருந்தது, மிதவை புதுசாகவே இருந்தது. அடியிலிருக்கிற உப்பை இழுக்காமல் இருக்க, போர் பைப்பைப் பாதிக்கு மேல் உருவி எடுத்தேன். இப்போது காலையில் ஒயரை மாட்டி ஒரு தொட்டி மட்டும் ஏற்றுகிறோம், பிறகு மறுநாள் வரை ஊற விடுகிறோம். வாழை ஒவ்வொன்றாகக் காய்ந்தது. கேட்டவர்களுக்கு மனைவியே உண்மையைச் சொல்லிவிட்டாள். டீக்கடையில் என் சிக்கனப் பிரசங்கத்தைக் கேட்டு நொந்திருந்தவர்களுக்கெல்லாம் பல நாளைக்கு விருந்து. யாராவது டீ டம்ளரைக் கழுவினால்கூட, சின்னப் பொத்தானா பெரிய பொத்தானா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கழுவினார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிண்டல் செய்பவனைக் கிண்டல் செய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அக்கா எங்கள் குழாய்க்கு வருவதில்லை. குப்பத்தின் மறுகோடியில் இருக்கிற அடிபம்புக்குப் போனார். நான் இரண்டு குடம் தண்ணீரை அவர் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அந்தக் குடங்கள் அதே நிறைவோடு எங்கள் வாசலில் இருந்தன.

மழைக்காலம் முழுக்கப் பெய்து முடித்த பிறகு ஒரு காலை, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். ஓடினேன். அகப்பையில் ஊத்துத் தண்ணீரை மொண்டு வேலிக்குமேல் நீட்டினார்.

"குடி."

குடித்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அகப்பையைப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் மறுபடி ஒரு வாய் குடித்துவிட்டு, கரிக்கிறது என்றேன். தலையாட்டினார்.

அதிலிருந்து தினமும் அவர் ஏரிக்குப் போகும் முன் இது நடக்கிறது. பல் தேய்த்ததும் எனக்கு முதல் வேலை வேலியோரம் போய் நிற்பதுதான். ஆசைப்பட்டுச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது, ஆகவே நாக்கு சொல்வதை மட்டும் சொல்கிறேன். சில நாள் குறைவாகக் கரிக்கிறது, சில நாள் போன வாரத்தைவிட மோசம். மணலுக்குள் போன உப்பு வந்த வேகத்தில் திரும்புவதில்லை. பருப்பு இன்னும் பாதி வேக்காடுதான்.

இன்று காலையும் போனேன். அக்காவின் கையில் புதிதாக ஒரு வெடிப்பு. அகப்பையை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

"இன்னும் கரிக்குதுக்கா."

"கரிக்கட்டும்," என்று அகப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஊத்தை மூடி, பறியை எடுத்துத் தோளில் மாட்டினார். இரண்டடி போனபின் திரும்பாமலே சொன்னார். "நாளைக்கு சீக்கிரமா வா. எனக்கு வேல கீது."