லியோனார்ட் அடித்த இரும்பு ரேடியோ

ஆர்பர் என்று நாங்கள் சொல்லும் துறைமுகத்துப் பட்டறையில் தகடு வேலை பார்த்த லியோனார்ட் மேஸ்திரிக்குப் பக்தி இரண்டின் மேல். ஒன்று மாதா. இன்னொன்று, தண்ணீர் புகாத பெட்டி. வாளியோ, கப்பல் விளக்குக்கு மூடியோ, எதைச் செய்தாலும் தொட்டியில் முக்கிப் பார்ப்பார். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை என்றால்தான் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார். ராயபுரத்தில் எங்கள் சந்தில் அவர் வீட்டுக் கோழிக்கூண்டுகூடத் தகரத்தில் அடித்ததுதான். சித்திரை மாதத்தில் அந்தக் கோழிகள் வேகாமல் பிழைத்தது முதல் பக்தியின் பலன்.

குரலோ கப்பல் சங்கு. "இன்னாமே!" என்று அவர் மனைவியைக் கூப்பிட்டால் காசிமேட்டில் படகு திரும்பிப் பார்க்கும்.

அந்த மனைவி சிலுவையம்மாள் மீன் ஏலத்தில் வழுக்கி விழுந்து, தொடை வரை மாவுக்கட்டோடு மாடி அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சேதி வந்தது. அவள் தங்கை டோரதி பாடும் கோயில் பாட்டுக் குழுவை ரேடியோவில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். வரும் ஞாயிறு, சாயந்திரம் ஆறு மணிக்கு.

சந்தில் ரேடியோ இருந்தது ஒரே இடத்தில், ராமசுப்பு அண்ணாச்சியின் மளிகைக் கடையில். எல்லோரும் அங்கே கூடுவதாக முடிவாயிற்று. ரேடியோவை மாடிக்குக் கொண்டுபோகலாம் என்றால், அது கரண்டில் ஓடுவது. லியோனார்ட் வீட்டில் கரண்ட் கிடையாது. சரி, சிலுவையம்மாளைக் கீழே இறக்கலாம் என்றால், மாடிப்படி ஏணியைவிட ஒரு சாண்தான் அகலம்.

"நாலு பேரு தூக்கிகினு போய்டலாம்" என்றார் லியோனார்ட்.

"நாலு பேரு தூக்குற நாளு வரும், அப்ப தூக்கு" என்றாள் சிலுவையம்மாள். பிறகு குரல் இறங்கியது. "ஆத்தா செத்தப்போ டோரதிய இடுப்புல வெச்சிகினு மீன் வித்தேன்யா. அது பாடுறத ஊரே கேக்கும். நான் மட்டும் செவுத்தப் பாத்துகினு குந்தியிருக்கணுமா?"

லியோனார்ட் சட்டையை மாட்டிக்கொண்டு மூர் மார்க்கெட்டுக்கு நடந்தார். ஒரு காகிதப் பை நிறைய ரேடியோ சாமான்களோடு திரும்பினார். பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ரேடியோவை அவரே கட்டப் போகிறாராம். அதுவரை ரேடியோவின் உள்பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை.

பற்றவைக்க அவரிடம் இருந்தது வாளிக்கு ஈயம் வைக்கும் கோல். அது ஒரு சுத்தியல் கனம். கரியில் பழுக்கக் காய்ச்சி, மூன்று கால் பூச்சி மாதிரி இருந்த முதல் டிரான்சிஸ்டரைத் தொட்டார். பூச்சி புகையாகிப் பரலோகம் போனது.

"ஜெபம் பண்ணிட்டுத் தொட்டியா?" என்று கேட்டாள் சிலுவையம்மாள்.

"கம்முனு கெட. இது வாளி இல்லேன்னு இப்பத்தான் தெரியுது."

மறுநாள் ஒரு செம்புக் கம்பியை ஊசி மாதிரி ராவிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கம்பியையும் ஒட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். கை ஆடிவிடுமாம். சனிக்கிழமை மத்தியானம் பேட்டரியைச் சொருகிக் குமிழைத் திருகியபோது, பலகை மேல் பரப்பியிருந்த அந்தக் குப்பையிலிருந்து ஒருவர் தெளிவாகப் பேசினார். நெல்லுக்கு எப்போது உரம் வைக்க வேண்டும் என்று சொன்னார்.

சிலுவையம்மாள் கை தட்டினாள். "யோவ், மெய்யாலுமே பேசுதுய்யா! நம்ப வூட்ல நெல்லு வெளையப் போவுது!"

அத்தோடு விட்டிருந்தால் அவர் லியோனார்ட் இல்லை. கடற்காற்று உப்புக் காற்று, ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும் என்று, அன்றே உட்கார்ந்து கப்பல் தகட்டில் ஒரு பெட்டி அடித்தார். விளிம்பெல்லாம் ரிவெட்டு. முன்பக்கம் சத்தம் வெளியே வரச் சிலுவை வடிவில் ஓட்டைகள். அதற்கு மேலே மழை விழாமல் ஒரு தகர இமை. மேலே ஆர்பர் சாம்பல் பெயிண்டு. பார்த்தால் குட்டிக் கப்பல்.

ஞாயிறு சாயந்திரம் அதைப் பார்க்கவே பாதிச் சந்து மாடிப்படியில் நின்றது. லியோனார்ட் ரேடியோவை உள்ளே வைத்து, மூடியை நான்கு போல்ட்டில் முடுக்கி, வெளியே நீட்டியிருந்த குமிழைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ்.

போல்ட்டைக் கழற்றிப் பலகையை வெளியே எடுத்தார். பேச்சு கேட்டது. உள்ளே வைத்தார். உஸ்ஸ்ஸ். வெளியே, பேச்சு. உள்ளே, உஸ்ஸ்ஸ்.

"இன்னாடா பேஜாரு, புதுப் பொண்ணு மாதிரி வெக்கப்படுது!" என்றார் லியோனார்ட்.

கீழே கடையிலிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். "என்னவே மேஸ்திரி, மணி ஆறாவப் போவுது! பாட்டு வருதா, இல்ல கப்பல் கெளம்புதா?"

"வரும், வரும்!" என்று மறுபடி போல்ட்டை முடுக்கப் போனவரின் கையைச் சிலுவையம்மாள் பிடித்தாள்.

"தண்ணியே புகாத பொட்டில என் தங்கச்சி எங்கேந்துய்யா புகுவா?"

"அதான் ஓட்ட வெச்சிகீறேனே!"

"அது பாட்டு வெளிய வர்றதுக்கு. உள்ள போறதுக்கு வழி?"

லியோனார்ட் பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு ரேடியோவைப் பலகையோடு எடுத்து அவள் மாவுக்கட்டின் மேல் வைத்தார்.

பாட்டு வந்துவிட்டது. மெல்லிசாக, எங்கோ எண்ணூரிலிருந்து வருவது மாதிரி. சிலுவையம்மாள் நன்றாகக் கேட்கக் காலைச் சற்றுத் திருப்பினாள்; மேலிருந்த ரேடியோவும் கூடவே திரும்பியது. சட்டென்று கோயிலே அறைக்குள் வந்தது போலச் சத்தம் ஏறியது.

"ஷோக்கா கீது! அசையாத!" என்று படி முழுக்க அலறியது.

"நீங்க கம்முனு இருங்கடா!" என்றாள் அவள்.

அப்படியே, திருப்பிய கால் திருப்பியபடி இருந்தாள். அத்தனை குரல்களுக்கு நடுவில் ஒரு இடத்தில் அவள் விரல் மேலே போனது. "தோ, இதான் டோரதி. மூச்சு வாங்குது பாரு." எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. லியோனார்ட் மட்டும் தெரிந்த மாதிரி தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈயப் புகை என்றார். அடுப்பில் கரியே இல்லை.

கடையில் தன் ரேடியோவை அணைத்துவிட்டு அண்ணாச்சியும் மேலே ஏறி வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "வெல்லம் வைக்க இதத் தாரும்வே. எறும்பு ஏறாது."

"ஓட்டயப் பாருங்க அண்ணாச்சி. எறும்பு சிலுவ போட்டுகினு உள்ள போவும்" என்றாள் சிலுவையம்மாள்.

அப்புறம் லியோனார்ட் சந்தில் பல வீட்டுக்கு ரேடியோ கட்டிக் கொடுத்தார், எல்லாம் மரப்பெட்டியில். இரும்புப் பெட்டிக்குக் கோழிகள் குடிபோயின.

அந்த ஞாயிறு இருட்டும் நேரத்தில் டோரதி படியேறி ஓடிவந்தாள். "அக்கா! கேட்டுச்சா?"

சிலுவையம்மாள் காலை இன்னும் அசைக்கவில்லை. "எல்லாம் கேட்டுச்சு. ரெண்டாவது வரில மூக்கு அடச்சிகிச்சே, சளியா? வா, இப்டி வந்து குந்து."