அக்கா பிரித்த வரிசைகள்

அன்று மாலை ஏழு இருபதுக்கு அக்கா ஊசிகளை எண்ணினார். ஒன்பதுதான் இருந்தன.

பாலக்கோட்டில் தையல் கடை வைத்த நாள் முதல், கடையை மூடும்முன் ஊசிகளை எண்ணித் தகர டப்பாவில் போடுவது அவரது வழக்கம். பத்தும் இருந்தால்தான் விளக்கை அணைப்பார். அன்று எனக்குப் போன் செய்தார்.

"ஒரு ஊசியக் காணோம்டி. போர்வைக்குள்ளதான் எங்கனா மாட்டிக்கிட்டிருக்கும்."

என் மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது எட்டாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்காக, நம் குடும்பத்தார் உடுத்திப் பழகிய துணிகளைச் சதுரமாக வெட்டி, இரண்டு மூன்று மடிப்பு வைத்து, ஒட்டுப்போர்வை ஒன்றைக் கையாலேயே தைத்துவந்தார் அக்கா. அப்பாவின் வேட்டி, அம்மாவின் புடவை, மாமாவின் சட்டை என்று பதினொரு வரிசை. எட்டு முடிந்திருந்தது.

"பச்சக் குழந்த படுக்கறது அக்கா. ஊசி கெடைக்காம அத வூட்டுக்குள்ள எடுக்கவே மாட்டேன்" என்றேன்.

"தெரியும்டி. உனக்கு ஒண்ணுன்னா சோறே எறங்காது. பிரிச்சிப் பாத்துடறேன், போய்ச் சாப்புடு."

அந்தச் சொல்லை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அக்கா அரூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பியிருந்த வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். தொப்பூர்க் கணவாயில் மாமா விபத்தில் இறந்தபின், மகன் அருளைத் தையல் இயந்திரத்தின் பக்கத்திலேயே வளர்த்தார். யாரிடமும் கை நீட்டியதில்லை. சர்க்கரை நோய் வந்து பாதங்களில் உணர்ச்சி குறைந்ததைக்கூட யாருக்கும் சொல்லவில்லை.

தினமும் மாலையில் போன் வரும். "இன்னிக்கு ஏழு." மறுநாள், "ஆறுடி, இன்னும் கெடைக்கல." பிறகு ஐந்து. பிறகு நான்கு. வளர்ந்துவந்த போர்வை குறைந்துகொண்டே போனது. ஐந்தாம் நாள் நேரில் போனேன். அக்காவின் வலது கால் வீங்கியிருந்தது.

"செருப்பே பத்தலடி. இந்த வயசுல காலுக்குக் கொழுப்பு" என்று சிரித்தார்.

பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கறுத்த புள்ளி. கெட்ட வாடை. தருமபுரிக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தபோது, எலும்புகளுக்கு நடுவே வெள்ளைக் கோடாக ஊசி தெரிந்தது.

"பாருடி, நான் ஊரெல்லாம் தேடறேன், இது என்கூடவே நடந்து வந்துக்கினு இருக்குது" என்றார் அக்கா. எங்களோடு ஆட்டோக்காரரும் சிரித்தார். ஊசி கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி எனக்கு. "நாலு வரிச மிச்சம் இருக்கு. அத இனிப் பிரிக்காதீங்க" என்றார் அக்கா. அதன்பின் காய்ச்சலில் தெளிவாகப் பேசவில்லை. சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டது. ஒன்பதாம் நாள் காலை, இறைவனடி சேர்ந்தார்.

இரவு பகலாக உடனிருந்த செவிலியர்களுக்கும், நோயில்பூசுதல் அளித்த பங்குத்தந்தைக்கும், கல்லறை வரை தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று அந்த நான்கு வரிசைகளையும் சதுரம் சதுரமாக வெட்டி, ஆளுக்கொன்றாக நினைவுக்கு எடுத்துச்சென்ற உறவினர்களுக்கும் நன்றி. ஸ்டெல்லா தாத்தாவின் வேட்டித் துண்டை வாங்கிக்கொண்டாள், தொட்டிலில் விரிக்க.

முப்பதாம் நாள் திருப்பலிக்கான இந்த மலருக்கு இதுவரை எழுதி வைத்திருந்தேன். விடுப்பு கிடைக்காமல் கத்தாரில் தவித்த அருள் நேற்றுத்தான் வந்து சேர்ந்தான். காலிலிருந்து எடுத்ததைப் போட்டு மருத்துவமனையில் கொடுத்த சிறு குப்பியைக் கேட்டான். கொடுத்தேன். உள்ளே இருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தான்.

"சித்தி, இது முனை மட்டுந்தான். காதுப் பக்கம் இதுல இல்ல. துணியெல்லாம் யாரு யாரு எடுத்துக்கிட்டுப் போனாங்க?"