வெந்நீர்க் குகை: ஞாயிறு எட்டு மணி வரை பெண்கள் நேரம்

சிவகாசியில் அச்சகம் நடத்தும் என் கல்லூரித் தோழி, "ஆலங்குளம் பக்கம் ஒரு குகைக்குள் வெந்நீர் ஊறுகிறது, மார்கழியில் வந்து பார்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நம்பவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் எந்தத் தண்ணீர்தான் சூடாக இல்லை? கடந்த டிசம்பரில் விருதுநகருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, பொய்யென்று காட்டிவிடலாம் என்று ஒரு தெர்மாமீட்டரோடு போனேன்.

சனிக்கிழமை சிவகாசி பேருந்து நிலையத்துக்கு அருகில் தங்கினேன். அறை 900 ரூபாய், சுத்தமாக இருந்தது. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஆட்டோ. குகை வரை முப்பது கிலோமீட்டர். காத்திருந்து திரும்ப அழைத்து வர 1,100 ரூபாய். பேரம் பேசலாம், நான் பேசவில்லை. கடைசி அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, ஓட்டுநர் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல வண்டி போகாதா?"

"வண்டி போகும்க்கா, நான் போகமாட்டேன். எட்டு மணி வரைக்கும் பொம்பளைக நேரம். என் வீட்டுக்காரி உள்ள இருக்கா. எட்டிப் பாத்தேன்னா ராத்திரி சோறு கிடைக்காது."

நடந்தேன். சுண்ணாம்புக்கல் மேடு ஒன்றின் அடியில், ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் குகையின் வாய். அங்கே ஈரத் தலையோடு, கையில் பிரம்புக் கூடையோடு மாரியம்மாள் நின்றிருந்தார். பட்டாசுக் கம்பெனியில் வாசல் சோதனை அவருடைய வேலை. தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போகாது. விடுமுறை நாளில் இங்கேயும் அதே வேலை.

"செல்போனக் கூடையில போடுங்க. அது என்ன, கண்ணாடிக் குச்சி?"

"தெர்மாமீட்டர். தண்ணீரோட சூடு பார்க்க."

அவர் குகைக்குள் திரும்பி, "ஏடி, தண்ணிக்குக் காய்ச்சல் பாக்க வந்திருக்காகடி" என்றார். உள்ளிருந்து வந்த சிரிப்பு பாறையில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டது.

சோதனையின் காரணத்தை அவரே சொன்னார். "போன மாசம் எவனோ வாசல்ல நின்னு படம் பிடிச்சு நெட்டுல போட்டுட்டான். நனைஞ்ச சீலையோட அம்புட்டுப் பேரும் தெரிஞ்சோம். பாதிப் பேர வீட்டுல விடுறதில்ல. இன்னொருக்க நடந்துச்சுன்னா மிச்சப் பேரும் வரமாட்டாக. எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு நேரந்தான்."

உள்ளே இருபது பேர் நிற்கலாம். தண்ணீர் இடுப்பளவு. வெளியே 21 டிகிரி, தண்ணீரில் 34. மூன்று முறை பார்த்தேன், மாறவில்லை. யாகம் வளர்த்த முனிவர் கதை ஒன்று சொன்னார்கள். அதை நான் நம்பவில்லை. ஆழத்திலிருந்து விரிசல் வழியாக ஏறிவரும் நீர், பாறைக்குள் இருப்பதால் ஆறாமல் இருக்கலாம். முதலில் ஆடு மேய்த்தவர்கள் பனிக்கு ஒதுங்கினார்களாம். பிறகு சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தவர்கள் குளித்தார்களாம். எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை. சோப்பு நுரைக்காது, பயத்தமாவு கொண்டுபோங்கள். வாரம் முழுக்கப் பட்டாசு வேலையில் விரல் இடுக்கில் ஒட்டிய அலுமினியப் பொடி அந்த மாவில்தான் போகிறது என்றார்கள். கழுத்தளவு அமிழ்ந்து உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடத்தில் என் வலது கை தலைக்கு மேல் உயர்ந்தது. தோள்வலியால் பல மாதமாக உயராத கை.

ஏழு மணி இருக்கும், வெளியே கார் வந்து நின்றது. நான்கு இளைஞர்கள், கோலில் மாட்டிய கேமரா. உள்ளே எல்லோரும் கழுத்தளவு அமிழ்ந்துகொண்டார்கள். ஒரு பெண் துணியைத் தேடிக் கரையேறினாள். வாசலோரம் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, பொது இடந்தான இது?"

"பொது இடந்தாம்லே. வரிசையா நில்லு. செருப்பக் கழட்டு. செல்லு, கேமரா, தீப்பெட்டி எல்லாம் கூடையில போடு."

அந்தக் குரலுக்குத் தினமும் முந்நூறு பேர் கீழ்ப்படிகிறார்கள். இவர்களும் போட்டார்கள். இடுப்பைத் தட்டிச் சோதித்து, ஒருவனுடைய இரண்டாவது செல்லையும் எடுத்தார்.

"இப்ப உள்ள போலாமா?"

"போலாம்லே, எட்டு மணிக்கு. அதுவரைக்கும் வேப்பமரத்துக்குப் போ. குளிச்சிட்டு வாங்கிக்க."

"நீங்க என்ன கவர்மென்டா?"

"கவர்மென்ட்டுக்கு ஞாயித்துக்கெழம லீவுலே."

உள்ளே முதலில் யார் சிரித்தது என்று தெரியாது, பிறகு எல்லோரும் சிரித்தோம். துணி தேடியவள் மறுபடி தண்ணீரில் இறங்கினாள். நால்வரும் வெறுங்காலோடு மரத்தடிக்கு நடந்தார்கள்.

எட்டு மணிக்குப் போனைத் திரும்ப வாங்கும்போது, "இதைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்டேன். மாரியம்மாள் போனை என் கையில் வைத்தார்.

"எழுதுங்க. பஞ்சாயத்துல ஒரு போர்டு கேட்டு அலுத்துட்டோம். நேரத்த மட்டும் பெருசா எழுதுங்க."

தலைப்பிலேயே எழுதியிருக்கிறேன். ஆண்கள் எட்டு மணிக்கு மேலும் மற்ற நாட்களிலும் தாராளமாகப் போகலாம். பெண்கள் ஆறு மணிக்குள் போய்விடுங்கள், மாற்றுத்துணியும் பயத்தமாவும் போதும். பக்கத்தில் கடை கிடையாது. கட்டணமும் கிடையாது.

பிப்ரவரியில் மறுபடி போனேன். வீட்டில் அனுப்பாமல் வைத்திருந்த பெண்கள் தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். குகை நிரம்பி, உள்ளே எனக்கு இடமில்லை. அரை மணி நேரம் குளிரில் வாசலில் நின்றேன். எந்த வரிசையிலும் நான் இவ்வளவு சந்தோஷமாக நின்றதில்லை.