எதிர்ப்புக்கு முழு மார்க்

ஒரு பச்சைக் குழந்தையையும் அதன் அப்பாவையும் பிரித்தவர் என் பேராசிரியர். பெயர் போட மாட்டேன். படித்தால் அவருக்கே தெரியும்.

வாராவாரம் என் புலம்பலைப் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். திருவொற்றியூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு நான் இன்சார்ஜ். இந்த வயதில் நர்சிங்கில் பிஎச்.டி. வேறு படிக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். என் வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

இந்தப் பருவத்துப் பாடம் ‘தலைமையும் மாற்றமும்’. வார்டில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்து அறிக்கை எழுத வேண்டும். தேறினால்தான் ஆய்வுக்குப் போகலாம். தேறாவிட்டால் மறுபடி அதே பெஞ்ச்.

என்ன மாற்றம் என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. லோகு இருந்தான்.

லோகுவுக்கு கன்டெய்னர் யார்டில் மதிய ஷிப்ட். அவன் மனைவி விமலாவுக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை கூடும்வரை தாயும் பிள்ளையும் எங்கள் வார்டில்தான். பார்வையாளர் நேரமோ மாலை நாலிலிருந்து ஆறு. அந்த நேரத்தில் அவன் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருப்பான்.

“போன்லதான் சிஸ்டர் கொயந்தைய பாத்துகினு கீறேன்” என்றான் ஒருநாள். “நேர்ல போனா அதுக்கு என்னை அடையாளம் தெரியுமா?”

அவ்வளவுதான். காலை ஏழிலிருந்து எட்டு வரை அப்பாக்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று மாற்றினேன். டாக்டர் சரி என்றார். நிர்வாகி கையெழுத்துப் போட்டார். செக்யூரிட்டி கஜா அண்ணன், மாலையில் கேட்டில் கூட்டம் குறைகிறது என்று சந்தோஷப்பட்டார். லோகு தினமும் குளித்துவிட்டு வந்து, சட்டைப் பட்டனைக் கழற்றி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து உட்காருவான். அந்தச் சூட்டில் அது தூங்கும். எடையும் ஏறத் தொடங்கியது.

அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் மேடம் திருப்பிக் கொடுத்தார்.

“நாலாவது அத்தியாயம் காலியா இருக்கே. எதிர்ப்பு எங்கே?”

“யாரும் எதிர்க்கல மேடம்.”

“எதிர்ப்பு இல்லாம மாற்றம் கிடையாது.”

“நல்ல விஷயம்னு எல்லாருக்கும் பட்டுது மேடம்.”

“அப்படியெல்லாம் படாது. பாடத்துல இருக்கிற மாடல்ல அதுக்கு இடமே இல்ல. எதிர்ப்பைக் கொண்டு வாங்க, மார்க் தரேன்.”

எதிர்ப்பை எங்கே போய்க் கொண்டு வருவது? மெடிக்கல் ஷாப்பிலா விற்கிறது?

கஜா அண்ணனிடம் போனேன். செக்யூரிட்டி வேலைக்கு வருவதற்கு முன் எண்ணூரில் ஒரு பாக்டரியில் சங்கச் செயலாளராக இருந்தவர். பாக்டரி மூடிவிட்டது. செயலாளர் மூடவில்லை.

“எதிர்க்கணுமா? யாரை… உன்னையா?” என்றார். “இன்னா சிஸ்டர், காலைல எதுனா துன்னியா இல்லியா?”

“ரெண்டு பக்கம் எழுதற அளவுக்குப் போதும்ணே.”

“அப்டிலாம் ரெண்டு பக்கத்துக்கு எதிர்க்க முடியாது. நம்ம ஏரியாவுல அதுக்கு ஒரு மொறை கீது.”

முறை என்றால் என்ன என்று அடுத்த திங்கட்கிழமை பார்த்தேன். நர்ஸ் ஜெசிந்தா தன் பழைய குடையை வெட்டி எல்லோருக்கும் கறுப்புப் பட்டை குத்திவிட்டிருந்தாள். கேட் முன்னால் வாயிற்கூட்டம். கஜா அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறார். ஆட்டோ ஸ்டாண்டே ஆதரவுக்கு வந்துவிட்டது. எதற்கு ஆதரவு? ஒருவருக்கும் தெரியாது. கூட்டம் என்றால் ஆதரவு… அவ்வளவுதான்.

சரியாக ஏழு மணிக்கு லோகு வந்தான். கறுப்புப் பட்டையைப் பார்த்தான். யார்டில் வேலை செய்கிறவன், போராட்டம் ரத்தத்தில் ஊறியது, சும்மா தாண்டிப் போவானா? உள்ளே போக வேண்டியவன் முதல் வரிசையில் நின்று கையை உயர்த்தினான்.

“ரத்து செய், ரத்து செய்! காலை நேரத்தை ரத்து செய்!”

தொண்டை கிழியக் கத்தினான். ஐந்தாறு தடவை கத்திய பிறகுதான் என் பக்கம் திரும்பினான்.

“சிஸ்டர், இன்னாத்த ரத்து பண்ணச் சொல்றாங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் நிர்வாகி இறங்கி வந்துவிட்டார். எங்கள் ட்யூட்டி ரூமுக்கு ஒரு ஃபேன் கேட்டு எத்தனை வருஷமாக நடக்கிறோம்… மனுஷன் படி இறங்கியதே இல்லை. அன்று டீ ஆறுவதற்குள் பேச்சுவார்த்தை முடிந்தது. கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது. காலை நேரம் ரத்து. ஏற்காமல் என்ன? கதவை மூடுவதற்கு அவருக்குக் காசா செலவு?

பின்னாலேயே ஓடினேன். “சார், அது என் படிப்புக்காகச் செஞ்சது.”

“ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சும்மா. தொழிலாளர் உணர்வை நான் மதிக்கணும்.”

கஜா அண்ணனிடம் திரும்பினேன். அவர் அதற்கு மேல்.

“பேசி ஜெயிச்சத நாமளே ஒடச்சா, நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்?”

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியிருந்தது. “நான் கலந்துக்கிட்டு ஜெயிச்ச ஒரே போராட்டம்க்கா இது. கெடுத்துடாதீங்க.”

அறிக்கையைத் திரும்பக் கொடுத்தேன். நாலாவது அத்தியாயம்தான் இப்போது தடியாக இருந்தது. வகுப்பிலேயே முதல் மார்க். மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

“மேடம், மாற்றமே போயிடுச்சே” என்றேன்.

“அது பரவாயில்ல. எதிர்ப்பை ரொம்ப நல்லாப் பதிவு பண்ணியிருக்கீங்க.”

மாற்றம் பற்றிய பாடத்தில் எனக்கு முதல் மார்க். மாற்றம் குப்பைத் தொட்டியில். இந்தப் படிப்பை முடித்து நாளைக்கு நான் தலைவி ஆகி… யாரை எங்கே கொண்டுபோய் விடப் போகிறேன்?

லோகு இப்போதும் காலை ஏழு மணிக்கு வருகிறான். வழக்கத்தை விட முடியவில்லையாம். கஜா அண்ணன் அவனை உள்ளே விட முடியாது. அவர் போட்ட ஒப்பந்தம். அதனால் டீ வாங்கிக் கொடுக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. மாடி ஜன்னலில் விமலா துணிச்சுருளைத் தூக்கிக் காட்டுகிறாள். அவன் கீழே நின்றபடி சட்டையின் மேல் பட்டனைத் திருகிக்கொண்டிருக்கிறான். போன வாரம் குழந்தையின் எடை ஏறவே இல்லை.

கல்லூரி டீனைப் பார்த்தேன், ஆஸ்பத்திரிக்கு மனு எழுதினேன். ‘பரிசீலிக்கிறோம்’ என்றார்கள். சரி, இனி தனியாகப் பேச ஒன்றுமில்லை.

மேடம், நிர்வாகி சார்… திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு கேட்டுக்கு வாருங்கள். எனக்கு ஏன் முதல் மார்க் என்று லோகுவிடம் சொல்லுங்கள். ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக.