இருமலுக்குக் காரணம் காட்டினவர்

என் மகள் எப்சியை நாகப்பட்டினத்துக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் வாசலுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தட்டி இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். அவள் என் நாத்தனாரின் தோளில் கிடந்தபடி வீட்டுப் பக்கம் திரும்பி 'ஹக், ஹக்' என்று இருமிக் காட்டினாள். அது அவளுடைய விளையாட்டு. நான் இருமினால் அவளும் பொய்யாக இருமுவாள், பிறகு சிரிப்பாள். அம்மா என்று சொல்ல வராத குழந்தைக்கு அதுதான் அம்மாவைக் கூப்பிடுகிற வழி. அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் குழந்தைக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று பயந்தார்கள். பதிலுக்கு இருமிக் காட்டாமல் நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் பெயர் சலோமி. முத்துப்பேட்டை போகிற வழியில் உள்ள ஒரு சிற்றூரில், நடவும் அறுப்புமாகப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. நான் சொல்வது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. புது ஆட்சி வந்துவிட்டது, இனி கூலிக்காரனுக்கும் விடியும் என்று சிலர் சொன்னார்கள். கூலி உயர்வு காகிதத்தில்தான் இருக்கிறது, களத்துக்கு வரவில்லை என்று செங்கொடி பிடித்தவர்கள் சொன்னார்கள். அந்தத் தை அறுவடையில் எங்கள் களத்திலும் பெரிய சண்டை நடந்தது. சண்டை ஓய்ந்த சில வாரங்களில் எனக்கு இந்த இருமல் வந்தது.

நான் சும்மா இருமிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. எதற்கும் ஏன் என்று கேட்கிற புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. என் கணவர் தேவசகாயம் என்னைக் கேள்வி மூட்டை என்றுதான் கேலி செய்வார். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தலைக்குக் குளித்த ஈரம் என்றார்கள். குளிப்பதை நிறுத்திப் பார்த்தேன். களத்துத் தூசி என்றார்கள். தூசி என்றால் என்னோடு நெல் தூற்றிய அஞ்சலை ஏன் இருமவில்லை என்று கேட்டேன். கம்பவுண்டர் ஈஸ்னோபீலியா என்றார். அந்த நாளில் எங்கள் பக்கம் யார் தும்மினாலும் அதுதான் பெயர். யாரோ செய்வினை என்றுகூடச் சொன்னார்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் என் கணவரின் பீடிமேல் பழி போட்டேன். பாவம், அவர் பீடியை விட்டுவிட்டார். இருமல் என்னை விடவில்லை.

ஒன்றை மட்டும் நானே கவனித்தேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இருமல் அடங்கும். இடது பக்கம் திரும்பினால் பிய்த்துக்கொண்டு வரும். இது ஏன் என்று எல்லோரிடமும் கேட்டேன். வேலையைப் பாரு என்றார்கள்.

சித்திரையில் காய்ச்சலும் சேர்ந்தது. உடம்பு கத்தரிக்காய் வற்றலாகிவிட்டது. டவுனில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சில் வலது பக்கம் கீழே நிழல் இருக்கிறது, டி.பி.யாகத்தான் இருக்கும் என்றார். சளியில் கிருமி தெரியவில்லை, ஆனாலும் ஊசியைத் தொடங்கிவிடலாம் என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. காய்ச்சலும் இளைப்பும் நிழலும் இருந்தால் யாரும் அதைத்தான் நினைப்பார்கள்.

டி.பி. என்ற சொல் வீட்டுக்குள் வந்ததும் என் தட்டு தனியானது, பாய் தனியானது. என் நாத்தனார் ரூத் அண்ணி நாகப்பட்டினத்திலிருந்து வந்தார்.

"புள்ளைய நான் கொண்டுபோறேன் சலோமி. எங்க சின்ன மாமா இதுலதான் போனாரு. நான் கண்ணால பாத்தவ. நீ சொகமாயிட்டு வந்து வாங்கிக்க" என்றார்.

அவர் நல்லவர். ஆனால் அவருக்குப் பிள்ளை இல்லை. வைத்தியம் ஒரு வருஷத்துக்கு மேல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் எப்சி அவரை அம்மா என்று கூப்பிடப் பழகிவிடுவாள். பிறகு யார் யாரிடம் வாங்குவது? இந்தப் பயம் இருமலைவிட அதிகமாக என்னை அரித்தது.

ஊசி போட்டுப் போட்டு இடுப்பு கல்லாகிவிட்டது. ஆறு வறண்டு கிடந்த கோடை முழுக்க இருமினேன். ஆடியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது, அப்போதும் இருமினேன். நடவுப் பாட்டு தூரத்தில் கேட்கும். போகாமல் கிடப்பேன். செத்துவிட்டால் தேவலை என்று நினைத்த நாட்களும் உண்டு.

சபையார் எனக்காக ஜெபித்தார்கள். "ஆண்டவரே, இந்த வியாதியை எடுத்துப்போடும்" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். என் ஜெபம் வேறாக இருந்தது. "ஆண்டவரே, இது என்ன? எங்கேயிருந்து வந்தது? எனக்குக் காட்டும்" என்று கேட்டேன். தெரியாத ஒன்றை எடுத்துப்போடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் கணவர் அதைக் கேட்டுவிட்டு, "சாமிகிட்டயே வெளக்கம் கேக்குறவ ஒலகத்துல நீ ஒருத்திதான்" என்றார். பக்கத்தில் இருந்த, எங்கள் சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியார், "கேக்கட்டும்ப்பா. கேக்கறவங்களுக்குத்தானே குடுப்பாரு" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெம்பாக இருந்தது.

அந்த உபதேசியார்தான் எங்களை மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரிடம் நான் முதலில் சொன்னதே படுக்கிற பக்கத்தைப் பற்றித்தான். அவர் வேலையைப் பாரு என்று சொல்லவில்லை. நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அந்தக் குழாயை என் காதிலேயே மாட்டிவிட்டார்.

"இடது பக்கம் கேளும்மா. இப்ப வலது பக்கம் கீழே. என்ன வித்தியாசம்?"

"இங்க சீட்டி அடிக்குதும்மா."

"டி.பி. ஒரே எடத்துல நின்னு சீட்டி அடிக்கறது அபூர்வம். மூச்சுக்குழாய்ல ஏதோ அடைச்சிட்டிருக்க மாதிரி இருக்கு. இடது பக்கம் படுத்தா அதுக்குப் பின்னால தேங்கின சளி வழியும், அதான் இருமல். எதாவது புரையேறி உள்ள போச்சா? வெதை, கொட்டை, மீன் முள்ளு?"

இல்லை என்றேன். எவ்வளவு யோசித்தும் அப்படி எதுவும் ஞாபகம் வரவில்லை. "யோசிச்சுப் பாரு. நாளைக்குச் சொல்லு" என்று அவர் போய்விட்டார். என் நெஞ்சுக்குள் கேட்ட அந்தச் சீட்டிச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. பயம் போய் அந்த இடத்தில் ஓர் ஆவல் வந்து உட்கார்ந்துகொண்டது. "ஆண்டவரே, பாதி காட்டிவிட்டீர். மீதியையும் காட்டும்" என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்தார்கள். அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் முதல் வாய் குடித்ததும் புரையேறி இருமினார். துணைக்கு இருந்த அவருடைய தங்கை சிரித்துக்கொண்டே அக்காவின் உச்சந்தலையில் தட்டி, "யாரோ ஒன்ன நெனைக்கிறாங்கக்கா" என்றாள்.

என் கையிலிருந்த கிண்ணம் நின்றுவிட்டது. என் உச்சந்தலையிலும் யாரோ தட்டினார்களே. யார் தட்டினது? அஞ்சலை. எங்கே? களத்தில்.

அந்தத் தை மாதச் சண்டை கூலி நெல்லைப் பற்றியது. நல்ல நெல்லைப் பண்ணையார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எங்களுக்குக் கூலியாகப் பதரை அளந்தார்கள். உள்ளே அரிசி இல்லாத வெறும் உமி. நாங்கள் பெண்கள்தான் முதலில் கேட்டோம். பண்ணையார் சார்பில் களத்தைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர், "நல்ல நெல்லுதான், கண்ணு தெரியலையா?" என்றார். நான் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். கடித்து, துப்பி, "இந்தா பாருங்க, உள்ள ஒண்ணுமில்ல" என்று காட்டினேன். அவர் ஏதோ ஏளனமாகச் சொன்னார். வாயில் மீதி நெல்லை வைத்துக்கொண்டே பதில் சொல்ல மூச்சை இழுத்தேன். புரையேறியது. கண்ணில் நீர் வர இருமினேன். அஞ்சலை என் தலையில் தட்டி, "ஒன் வீட்டுக்காரரு நெனைக்கிறாரு" என்றாள். அந்தச் சண்டைக்கு நடுவிலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். இருமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் கம்புகளோடு ஆட்கள் வந்துவிட்டார்கள், நாங்கள் ஓடினோம். அதற்குப் பிறகு யாருக்குப் புரையேறியது ஞாபகம் இருக்கும்?

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடு டாக்டரம்மாவைத் தேடி ஓடினேன். "அம்மா, நெல்லு" என்றேன். மூச்சு வாங்கியது. "நெல்லும்மா. களத்துல."

அவர் சிரிக்கவில்லை. உட்காரவைத்து முழுவதும் கேட்டார். பிறகு தஞ்சாவூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மயக்கம் கொடுத்து, வாய் வழியாக நீளக் குழாய் விட்டு, அதை எடுத்தார்கள். நான் கண் விழித்தபோது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். கறுத்துப்போன ஒற்றை நெல்.

"இத்தனை நாள் ஈரத்துல கிடந்துதே, மொளைக்கலையாங்க?" என்று கேட்டேன். தொண்டை கட்டிப்போய் குரலே வரவில்லை, ஆனாலும் கேட்டேன். அந்த டாக்டர் அதை இடுக்கியால் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பதர்.

என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, "பாத்தீங்களா, பதருன்னு அன்னிக்கே சொன்னேன்ல." அவர் அழுகையிலேயே சிரித்துவிட்டார்.

பதரைக் காற்று அடித்துக்கொண்டு போகும் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தில் சொல்வார். என் பதரைக் காற்று என் நெஞ்சுக்குள்ளேயே அடித்துக்கொண்டு போயிருந்தது. அங்கே அது இருக்கிறது என்று எந்த மனிதருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். டாக்டரம்மாவைக் கொண்டு கேள்வியைக் கேட்கவைத்தார். அடுத்த கட்டிலில் ஒரு வாய்க் கஞ்சியைக் கொண்டு பதிலை ஞாபகப்படுத்தினார். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் காட்டும் என்று கேட்டேன், அவர் காட்டினார். அதற்கு மேல் எனக்கு வாதாடத் தெரியாது.

காய்ச்சல் போனது. ஊசியை நிறுத்தினார்கள். இரண்டாம் போகமான தாளடி நடவுக்கு நான் வயலில் இறங்கிவிட்டேன். அதிலிருந்து இன்றுவரை, எங்கள் தெருவில் யாருக்காவது இருமல் நிற்கவில்லை என்றால் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எப்போது வந்தது, எந்தப் பக்கம் படுத்தால் அடங்குகிறது, என்ன சாப்பிட்டாய் என்று வழியெல்லாம் கேட்பேன். உண்மையிலேயே டி.பி. என்று தெரிந்து, மருந்து தின்று பிழைத்தவர்களும் அவர்களில் உண்டு. பிரியமானவர்களே, உங்களுக்கும் காரணம் தெரியாத துன்பம் ஏதாவது இருந்தால் எடுத்துப்போடும் என்று கேளுங்கள். கூடவே இது என்ன என்றும் கேளுங்கள். டாக்டரிடமும் கேளுங்கள், ஆண்டவரிடமும் கேளுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளைகளை அவர் கோபித்துக்கொள்கிறவர் இல்லை.

எப்சி திரும்பி வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். ரூத் அண்ணி சொன்ன சொல் தவறாமல் தாமே கொண்டுவந்தார். எப்சி நடக்கப் பழகியிருந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் அண்ணியின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "போம்மா, அம்மாகிட்ட போ" என்று அண்ணி முன்னால் தள்ளினார். அவள் வீறிட்டு அழுதாள். அண்ணியும் அழுதார். நான் பயந்தபடியே நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. தரையில் உட்கார்ந்து 'ஹக், ஹக்' என்று இருமினேன்.

இருமல் திரும்பிவிட்டதோ என்று என் கணவர் பதறிப்போனார். எப்சியின் அழுகை நின்றது. புடவையை விலக்கி என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு அவளும் 'ஹக்' என்றாள். சிரித்துக்கொண்டே தத்தித் தத்தி வந்து என் மடியில் விழுந்தாள். போகட்டும் என்று நான் அழுது கேட்ட அந்த இருமலில் அவளுக்கென்று ஒரு துளியை ஆண்டவர் மிச்சம் வைத்திருந்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.